தோழியே மாடலாக அமைந்தால்

நெருங்கிய தோழியை மாடலாக வைத்துப் படம் எடுப்பவர்கள், முகத்தையே திரும்பத் திரும்ப எடுப்பதை விட்டு, ஒரு நாளைக் கைகளுக்கென்றே ஒதுக்கிப் பார்க்கலாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், பின்னாளில் தம் மனைவியான ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபை 1917 முதல் 1937 வரை 300க்கும் மேற்பட்ட படங்களில் பதிவு செய்தபோது, கைகளை மட்டுமே தனியாகப் பலமுறை எடுத்தார். தையல்காரர் விரலில் மாட்டும் உலோக உறையுடன் 1919இல் எடுத்த படம், என் பார்வையில், முகம் காட்டும் பல படங்களைவிட ஓ'கீஃபை நெருக்கமாகக் காட்டுகிறது.

தோழியை ஜன்னலோரத்தில் பக்கவாட்டாக ஒளி விழும்படி உட்காரவைத்து, ஊசியில் நூல் கோப்பது, ஆரஞ்சு உரிப்பது போன்ற பழகிய வேலையொன்றைக் கொடுத்தால், விரல்களின் விறைப்பு தானாகவே தளரும். வெளியிட வேண்டிய படங்களை மட்டும், நட்புதானே என்று நினைக்காமல், அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, எழுத்தில் சம்மதம் பெற்றுக்கொள்ளுங்கள்.