புற்றுநோய் முற்றிய நாயை வலியில்லாமல் வைத்திருப்பதும் வழியனுப்புவதும்

மனதைத் தேற்றிக்கொள்ளும் முன் ஒரு சந்தேகம் தீர வேண்டும். இனப்பெருக்க உறுப்பில் காலிஃபிளவர் போல சதை வளர்ந்து ரத்தம் சொட்டுகிறதா? பெரும்பாலும் அது டி.வி.டி. (TVT), இணைசேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் கட்டி. தெருவில் எடுத்து வளர்த்த நாய்களிடம் சகஜம். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை வாரம் ஒன்றாக 4 முதல் 6 ஊசி போட்டால் பெரும்பாலும் காணாமல் போய்விடும். கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்து ஸ்லைடில் வைத்துப் பார்த்தாலே தெரியும். மாட்டாஸ்பத்திரியில் அந்த வசதி இல்லையென்றால், புதுச்சேரி குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். மடிக்கட்டி நுரையீரலுக்குப் பரவியது, கால் எலும்பில் வந்தது, மண்ணீரல் கட்டி உடைந்தது போன்றவற்றைப் பற்றித்தான் இனி எழுதுவது.

வலி எப்படித் தெரியும்

"சாப்பிடுதே, வலி இருந்தா சாப்பிடுமா?" என்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் ஏமாற்றம். நாய் கடும் வலியிலும் சாப்பிடும். பார்க்க வேண்டியது வேறு: படுக்க வந்து, படுக்காமல், இடம் மாறி மாறி நிற்பது, ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது, வாசல்படியில் தயங்குவது, காதைப் பின்னுக்கு மடித்துக்கொள்வது, தொட்டால் தலையைத் திருப்பி அந்த இடத்தைப் பார்ப்பது. இரைப்பும் வலிக்கு அடையாளம்தான், ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலிலும் புழுக்கத்திலும் நல்ல நாயே இரைக்கும். அதனால் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு, அது தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குள் இருந்தால் சரி. குளிர்ந்த நேரத்தில், தூக்கத்திலும் 40ஐத் தாண்டினால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரை

மாத்திரையை வலி வந்த பிறகு கொடுப்பது பாதி வீண். கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். எதையும் டாக்டர் எழுதித்தான் தொடங்க வேண்டும். கீழே உள்ள அளவுகள் சீட்டைச் சரிபார்க்க மட்டும்.

அடிப்படை வலி மருந்து பெரும்பாலும் மெலாக்சிகாம். முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., மறுநாளிலிருந்து 0.1 மி.கி., நாளுக்கு ஒரே தரம், சாப்பாட்டுக்குப் பிறகு. 20 கிலோ நாய்க்கு 2 மி.கி. மனிதர்களுக்கான 7.5 மாத்திரையில் பாதி கொடுத்தால் கிட்டத்தட்ட இரட்டை டோஸ், கால் துண்டுதான் கணக்கு. சாப்பிடாத நாளில், வாந்தி எடுக்கும் நாளில், தண்ணீர் குடிக்காத நாளில் கொடுக்கக் கூடாது, சிறுநீரகம் அடிபடும். மலம் தார் போலக் கறுப்பாக வந்தால் குடலில் ரத்தம் கசிகிறது, உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுப்பதும் வயிற்றைப் புண்ணாக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வழக்கமாக 5 முதல் 7 நாள் இடைவெளி விடுவார்கள்.

எலும்பு வலிக்கு மெலாக்சிகாம் மட்டும் போதாது. கூடவே கபாபென்டின், கிலோவுக்கு 10 மி.கி. அளவில், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை: காலை 6, மதியம் 2, இரவு 10. 20 கிலோவுக்கு ஒவ்வொரு முறையும் 100 மி.கி. கேப்சூல் இரண்டு. முதல் இரண்டு நாள் தள்ளாடும், அதிகம் தூங்கும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பிறகு நிறுத்துவதானாலும் திடீரென்று கூடாது, குறைத்துக் குறைத்துத்தான். மெடிக்கலில் கபாபென்டினோடு நார்டிரிப்டிலின் கலந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அட்டையைத் திருப்பிப் படித்து, கபாபென்டின் மட்டும் உள்ளதை வாங்குங்கள். டிராமடாலும் அப்படித்தான், பாராசிட்டமாலோடு சேர்ந்தே அதிகம் வரும். 2018 முதல் டிராமடால் போதைமருந்துச் சட்டக் கட்டுப்பாட்டில் இருப்பதால் சீட்டு இல்லாமல் கிடைக்காது. நாய்க்கு வாய்வழியாக அது பெரிதாக வேலை செய்வதும் இல்லை.

வீட்டு டப்பாவில் இருக்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எதையும் தொடாதீர்கள். பாராசிட்டமால் நாய்க்கே டாக்டர் சொன்னால்தான். வீட்டில் பூனை இருந்தால் கீழே விழுந்த துண்டுகூட அதற்கு உயிராபத்து.

கொடுப்பதற்கு இட்லி போல வசதி வேறில்லை. முதலில் வெறும் விள்ளல், இரண்டாவதில் மாத்திரை, அது மெல்லும்போதே மூன்றாவதைக் காட்டுங்கள். மூன்றாவதைப் பார்த்த அவசரத்தில் இரண்டாவதை விழுங்கிவிடும்.

புண், ஈ, புழு

வெடித்த மடிக்கட்டியில் வலியைவிட முதலில் வந்து சேர்வது ஈ. காலையில் முட்டையிட்டால் மறுநாளே புழு நெளியும். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தட்டையாக ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்து, ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள், காலை மாலை இரண்டு வேளை. பஞ்சு வேண்டாம், ஒட்டிக்கொண்டு பிய்க்கும்போது ரத்தம் வரும், காஸ் துணிதான். நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துக் காஸில் தூவி வைக்க டாக்டர் சொல்லலாம். அது கடும் கசப்பு, நக்கினால் நுரை தள்ளும், எனவே கழுத்துக்கு கூம்புப் பட்டை அவசியம். பினாயில், மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். புழு சாகும், கூடவே உயிருள்ள சதையும் வேகும். பகலெல்லாம் கொசுவலைக்குள் படுக்க வைத்தால் இந்தப் பாடு பாதி மிச்சம்.

டைல்ஸ் தரையில் கோணிச்சாக்கு அல்லது தேங்காய் நார்ப் பாய் விரியுங்கள். எலும்புப் புற்று வந்த கால் ஒரே வழுக்கலில் முறியும். எழ முடியாத நாயை நாலு மணிக்கொரு முறை புரட்டிப் போட வேண்டும். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்தால் ஒன்றுக்குப் போய்விட்டு வரும்.

எந்த நாள்

ஊசி போட்டு வழியனுப்பும் (கருணைக்கொலை) நாளை முடிவுசெய்ய, அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம். இது கையாளக் கடினமாக இருந்தால் தினசரி காலண்டரே போதும். இரவு தாளைக் கிழிக்கும்போது "ந" அல்லது "கெ" என்று எழுதி ஆணியில் குத்தி வையுங்கள். தொடர்ந்து மூன்று "கெ" வந்தால் டாக்டரிடம் நாள் கேளுங்கள். வீட்டில் ஆளுக்கொன்று சொல்லும் சண்டையையும் அந்தத் தாள்கள் தீர்க்கும்.

ஒரு வாரம் முந்திவிட்டோமோ என்ற உறுத்தல் எல்லோருக்கும் வரும். பிந்தினால் நடப்பது அதைவிட மோசம்: இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும், கடலூரிலும் சரி, புதுவையிலும் சரி, அந்நேரம் டாக்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாலையே இருக்காது. மண்ணீரல் கட்டியுள்ள நாய் திடீரென்று சரிந்து, ஈறு காகிதம் போல வெளுத்தால் உள்ளே ரத்தம் கொட்டுகிறது. அப்போது நாள் பார்க்க நேரமில்லை.

அந்தக் காலை

வாரநாள் காலை 8, 9 மணி நல்லது. பணத்தை முன்பே கொடுத்துவிடுங்கள், பிறகு சில்லறை எண்ணும் நிலையில் இருக்க மாட்டீர்கள். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது: முதலில் மயக்க ஊசி உண்டா, நரம்பில் கேனுலா போடுவீர்களா, கடைசி மருந்து எது? தையோபென்டோன் அல்லது பென்டோபார்பிடால் என்றால் சரி. மக்னீசியம் சல்ஃபேட் என்றால், முழு மயக்கத்துக்குப் பிறகு மட்டும்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். விழித்திருக்கும் நாய்க்கு அதை நேரடியாகப் போட்டால் உடல் செயலிழந்து, நினைவோடு மூச்சு முட்டும். நிறைய தூக்க மாத்திரையைக் கொடுத்து வீட்டிலேயே முடிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். சாகாமல் மணிக்கணக்கில் இழுக்கும்.

மயக்க ஊசியாக ஜைலசின் போட்டால் நாய் வாந்தி எடுக்கும். ஆகவே கறிச்சோற்றை முந்தின நாளே போட்டுவிட்டு, காலையில் ஒரு பிஸ்கட்டோடு நிறுத்துங்கள். அடியில் பழைய துணி விரியுங்கள், கடைசியில் சிறுநீர் போகும். மருந்து ஏறியதும் ஓரிரு நிமிடத்தில் இதயம் நிற்கும். கண் மூடாது. சில நிமிடம் கழித்து ஒரு பெருமூச்சு, தசைத் துடிப்பு வரலாம், அது உயிர் திரும்புவதல்ல. டாக்டர் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துச் சொல்லும்வரை பொறுங்கள். பிள்ளைகளிடம் "தூங்க வெச்சுட்டோம்" என்று சொல்லாதீர்கள், இரவில் படுக்கவே பயப்படும். செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள்.

விறைக்கும் முன், அரை மணிக்குள், கால்களை மடக்கிச் சுருட்டிப் படுக்க வையுங்கள்; இல்லாவிட்டால் குழி இரட்டை அகலம் தேவைப்படும். வெளியூரிலிருந்து யாராவது வர வேண்டுமென்றால் வயிற்றைச் சுற்றி ஐஸ் கட்டுங்கள். கடலூர் முதுநகர், தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகங்கள் பக்கம் கேட்டால் கிடைக்கும். அப்படியும் அன்று மாலையைத் தாண்ட வேண்டாம்.

குழி நாலு அடி ஆழமாவது இருக்கட்டும். பென்டோபார்பிடால் உடலில் அப்படியே தங்கும். மேலாகப் புதைத்ததைத் தோண்டித் தின்ற தெருநாயும் காக்கையும் சாகும். கடலூரில் கேப்பர் மலை பக்கத்துச் செம்மண்ணில் குழி நிற்கும். தேவனாம்பட்டினம் மாதிரி மணல் பகுதியில் இரண்டடியிலேயே ஓரம் சரியும், அங்கே வாய் அகலமாக, சரிவாக வெட்ட வேண்டும். மழைக்காலத்தில் நீர் ஊறினால் இடம் மாற்றுங்கள். கெடிலம், பெண்ணையாற்று மணலில் புதைக்கவே கூடாது, முதல் வெள்ளத்தில் வெளியே வந்துவிடும். கிணறு, போரிலிருந்து 100 அடி தள்ளியிருக்கட்டும். பிளாஸ்டிக் வேண்டாம், பழைய வேட்டி போதும். ஓரடி மண் தள்ளிய பிறகு கருவேல முள் ஓர் அடுக்கு, மேலே மீதி மண், கல். மிஞ்சும் மண்ணை வாரிக் கொட்டிவிடாமல் ஓரமாகக் குவித்து வையுங்கள்; இரண்டு மழை பெய்ததும் குழி ஒரு சாண் இறங்கும், அப்போது மேலே போட வேண்டும்.