கார்டு அறிக்கையில் தெரியாத கேம் சந்தா

கிரெடிட் கார்டு அறிக்கையில் கூகுளின் பெயரும், அதையடுத்துப் பழக்கமில்லாத ஒரு கேம் நிறுவனத்தின் பெயரும் தென்பட்டால், வங்கியை அழைக்கும் முன் வீட்டிலுள்ள எல்லா மொபைல்களிலும் பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியைத் திறந்து பாருங்கள்; இலவசச் சோதனைக் காலம் முடிந்து தானாகத் தொடங்கிய சந்தாவாக அது இருக்கக்கூடும். கேமை நீக்கினாலும் சந்தா நிற்காது, அதைத் தனியே ரத்து செய்ய வேண்டும். பணம் பிடித்து 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம்; அதன் பிறகு கேமை உருவாக்கிய நிறுவனத்தை அணுகுவதே நல்லது.

தொடர் கட்டணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்பதால், பழைய குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சல்களையும் தேடிப் பாருங்கள். பிள்ளைகள் தெரியாமல் வாங்கியதை மோசடி என்று மட்டும் புகார் செய்யாதீர்கள். விசாரணையில் அது உங்களுக்கே பாதகமாகும்.

வீட்டில் யாருமே வாங்கவில்லை என்று உறுதியானால், உடனே கார்டை முடக்கி, வங்கியிடம் எழுத்துமூலம் புகார் அளித்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இன்றி நடந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது என்று ரிசர்வ் வங்கி 2017இல் நெறிமுறை வகுத்தது. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி ஆன்லைனிலேயே முறையிடலாம்.