மேலே மாவா இடிக்கிறீர்கள்? 34 வயதில் பிரேக் டான்ஸ் பழகுவது எப்படி

கீழ் வீட்டு அன்ரி ஓர் இரவு எட்டரை மணிக்குப் படியேறி வந்து கதவைத் தட்டினார். “தம்பி, இந்த நேரத்தில் மேலே மாவா இடிக்கிறீர்கள்?” என்று கேட்டார். முழங்காலில் உறையும் நெற்றியில் வியர்வையுமாக நின்ற நான் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. வயது 34, வேலை கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பது, வயிறு வேறு சட்டைப் பொத்தானைச் சோதிக்கிறது. இப்படி ஓர் ஆள் பிரேக் டான்ஸ் பழகுகிறான் என்றால் யார்தான் நம்புவார்?

அது நடந்து ஒன்றரை வருடமாகிவிட்டது. இன்னமும் எனக்குத் தலையில் சுழலத் தெரியாது. ஆனாலும் பாட்டு ஓடும்போது அரை நிமிடம் தரையில் பிழையில்லாமல் ஆடி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பேன். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், ஆசிரியர் இல்லாமல், காணொளிகளைப் பார்த்து விழுந்தெழும்பிப் பழகியவை இவை. அந்த அளவுக்கு ஆசைப்படுபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் கண் போவது தலைச்சுழலில்தான். நானும் முதல் வாரமே ஒரு தலையணையுறையை மடித்துத் தலைக்கடியில் வைத்துக் காலைத் தூக்கினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. நான்கு நாட்கள் ‘காலி வீதி’ என்ற பெருந்தெருவைக் கடக்க, பொம்மையைப்போல் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். முதல் ஆறு மாதம் தலையில் பாரம் ஏற்றாதீர்கள். கழுத்துக்கும் தோளுக்கும் பலம் வந்த பிறகு, நேரில் பிடித்துத் திருத்த ஒருவர் இருந்தால் மட்டும் அதைப்பற்றி யோசிக்கலாம்.

தொடங்க வேண்டிய இடம் காது. இந்த ஆட்டத்தின் பெயரே பாட்டிலிருந்து வந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயோர்க் பிரொன்ஸ் பகுதியில், செஜ்விக் அவனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடியில் ஒரு விருந்து நடந்தது. சின்டி கேம்பல் என்ற பெண் ஏற்பாடு செய்த அந்த விருந்தில் இசைத்தட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கூல் ஹேர்க். பாட்டில் பாடலும் மற்ற வாத்தியங்களும் அடங்கி, தாளம் மட்டும் தனியாக ஒலிக்கும் சிறு பகுதிக்குப் பெயர் ‘பிரேக்’. அந்த இடம் வந்ததும் ஆடுபவர்கள் உசாராவதை ஹேர்க் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்று முடிய மற்றதைப் போட்டு அந்தச் சிறு பகுதியை நீட்டினார். அதற்கு ஆடியவர்கள் ‘பி-போய்’, ‘பி-கேள்’ ஆனார்கள். நமக்குத் தெரிந்த மொழியில் சொன்னால், கச்சேரியில் மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனம் வந்ததும் எழுந்து ஆடிய கூட்டம் அது.

தனியாவர்த்தனம் என்று சும்மா சொல்லவில்லை. சிறுவயதில் எட்டு வருடம் என்னை மிருதங்க வகுப்புக்கு அனுப்பினார்கள். அரங்கேற்றத்துக்கு முன்பே விட்டுவிட்டேன். வீட்டில் இன்னும் அந்தக் கவலை இருக்கிறது. அந்த எட்டு வருடமும் இப்போது காலில் இறங்கி வேலை செய்கிறது.

ஆகவே முதல் இரண்டு வாரம் தரையைத் தொட வேண்டாம். பாட்டைப் போட்டு எட்டெட்டாக எண்ணுங்கள். நிமிடத்துக்கு 110 முதல் 130 அடி வரையுள்ள வேகம் இந்த ஆட்டத்துக்கு வழமை. தொடக்கத்தில் 90 போதும். எண்ணிக்கை வாயில் நின்றதும், நின்றபடியே ஆடும் ‘டொப்ரொக்’கைத் தொடங்குங்கள். வலது காலை இடப்பக்கம் குறுக்காக முன்னே வைத்து மீளுங்கள், பிறகு இடது காலை வலப்பக்கம். கால் முன்னே போகும்போது கைகள் விரிய வேண்டும், மீளும்போது மார்புக்கு முன் கூட வேண்டும். இவ்வளவுதான் அதன் எலும்பு. காலை ஆறு மணிக்கு மரீன் டிரைவ் நடைபாதையில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு இதைச் செய்தேன். நடைப்பயிற்சிக்கு வரும் ஐயா ஒருவர் மூன்றாம் நாள் நின்று, “தம்பிக்குக் காலில் ஏதாவது வருத்தமா?” என்று கேட்டார். அதையும் தாண்டி வர வேண்டும்.

இனித் தரை. நம் வீட்டு டைல்ஸ் இதற்கு ஆகாது. கொழும்பின் ஈரக்காற்றில் அதன்மேல் உள்ளங்கை வழுக்கும், விழுந்தால் இடுப்பெலும்பு பேசும். நியூயோர்க் பிள்ளைகள் செய்ததையே செய்யுங்கள்: பெரிய மட்டைப்பெட்டியைப் பிரித்து விரியுங்கள். மின்சாதனக் கடையில் குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டையைக் கேட்டால் பெரும்பாலும் சும்மா தருவார்கள். நான் வாங்கிய மட்டை ஓட்டோவின் இரு பக்கமும் சிறகுபோல் நீட்டிக்கொண்டு நின்றது. “பெட்டி இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டி எங்கே?” என்று ஓட்டோக்காரர் வீடு வரை கேட்டுக்கொண்டே வந்தார். ஆறடிக்கு ஆறடி வருமாறு இரண்டு அடுக்காக வைத்து, ஓரங்களை அகலமான ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டுங்கள். ஒட்டாத மட்டை நீங்கள் சுழலும்போது கூடவே சுழலும். பல்கனியில் மட்டும் வைக்காதீர்கள். என் முதல் மட்டை ஒக்டோபர் மாதத்து மாலை மழை ஒன்றில் நனைந்த அப்பளமாகிவிட்டது. இப்போது மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைக்கிறேன்.

நீளக் காற்சட்டை, கை நீண்ட பருத்தி ரீசேட், தட்டையான அடியுள்ள சப்பாத்து, கரப்பந்தாட்டக்காரர் அணியும் முழங்கால் உறை. உடைக்கு இவை போதும். சட்டைப்பையைக் காலி செய்துவிடுங்கள். வீட்டுச் சாவிக்கொத்தின் அச்சு என் இடுப்பில் இரண்டு வாரம் நீலமாகக் கிடந்தது.

மணிக்கட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். நாள் முழுக்கக் கணினியில் தட்டுகிற கைக்கு உடம்பைச் சுமந்து பழக்கமில்லை. தவழும் நிலையில் உள்ளங்கைகளை ஊன்றி, விரல்களை அகல விரித்து, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாயுங்கள். பிறகு விரல் நுனிகள் உங்களை நோக்கியிருக்கத் திருப்பி வைத்து, மெதுவாகப் பின்னே சாயுங்கள். பத்து நிமிடம். இதைச் செய்யாத நாளில் தரையில் இறங்காதீர்கள். உளைவு வந்தால் சித்தாலேப களிம்பு பூசி மறுநாளும் ஆடலாம். குத்துகிற வலியோ வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். நான் அதைப் பொறுத்துக்கொண்டு ஆடி ஒரு மாதத்தை இழந்தேன்.

இப்போது விடயத்துக்கு வருவோம். ‘சிக்ஸ் ஸ்டெப்’ என்ற ஆறு அடிதான் தரையாட்டத்தின் சரளி வரிசை, அதாவது முதற்பாடம். கைகளை ஊன்றிக் குப்புறத் தண்டால் எடுக்கும் நிலையில் கால்களை அகட்டி நில்லுங்கள். ஒன்று: இடது கையைத் தூக்கி, வலது காலை உடம்புக்குக் கீழால் இடப்பக்கம் முன்னே கொண்டுவாருங்கள், பாரம் வலது கையில். இரண்டு: இடது காலை மடித்து வலது முழங்காலுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். மூன்று: வலது காலை வலப்பக்கம் விரித்து வையுங்கள். இப்போது வயிறு மேலே பார்க்க, கை பின்னே ஊன்றியிருக்க, நண்டுபோல் குந்தியிருப்பீர்கள். நான்கு: பாரத்தை இடது கைக்கு மாற்றி, இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே வையுங்கள். ஐந்து: வலது காலைப் பின்னே நீட்டுங்கள். ஆறு: இடது காலும் பின்னே போக, தொடங்கிய நிலை.

எல்லாக் காணொளியும் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணச் சொல்கிறது. நான் ஒரு மாதம் அப்படி எண்ணிக் காலோடு கால் பின்னிக்கொண்டேன். ஒருநாள் தற்செயலாக வாயில், மிருதங்க வகுப்பில் மூன்று அடிக்குச் சொல்லும் “தகிட தகிட” என்று வந்தது. முதல் தகிடவில் குப்புறக் கிடந்தவன் நண்டாகிறேன். இரண்டாம் தகிடவில் நண்டு மீண்டும் குப்புறப் போகிறது. ஆறு அடியும் மூன்றும் மூன்றுமாகப் பிரிந்து உடம்பில் உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. அடி ஆறு, பாட்டு எட்டு. ஒரு சுற்று முடியும்போது பாட்டில் இரண்டு அடி மீதம் நிற்கும். அடுத்த சுற்று ஏழாவது அடியில் தொடங்கும். தாளம் தப்புகிறது என்று பயந்து பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நிற்காதீர்கள். நான்கு சுற்றுக்கு 24 அடி, மூன்று எட்டுக்கும் 24 அடி. தொடர்ந்து நான்கு சுற்றுப் போனால் நீங்களும் பாட்டும் ஒரே நேரத்தில் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து நிற்பீர்கள். நிமிடத்துக்கு 120 அடி என்றால் அதற்கு 12 விநாடி. சமத்தில் வந்து முடியும் தீர்மானத்தை மிருதங்கத்தில் வாசித்துப் பழகியவனுக்கு அந்த இடம் தரும் சந்தோசத்தைக் கணக்கில் காட்ட முடியாது. அன்றுதான் மட்டையில் படுத்துக்கிடந்து தனியாகச் சிரித்தேன். தொடக்கத்தில் 60 அடி வேகத்தில், பாட்டில்லாமல் வாயால் சொல்லியே செய்யுங்கள். வலப்பக்கம் வந்ததும் உடனே இடப்பக்கமும் பழகுங்கள். தள்ளிப்போட்டால் பிறகு வராது.

அந்தச் சமத்தில் உறைந்து நிற்பதுதான் ‘ஃப்ரீஸ்’. முதலில் ‘பேபி ஃப்ரீஸ்’: இரு உள்ளங்கைகளும் தரையில், ஒரு முழங்கை வயிற்றின் பக்கத்தில் இடுப்பெலும்புக்கு உள்ளே குத்தி நிற்க, மறு கையின் முழங்கைக்கு மேல் ஒரு முழங்கால் அமர, தலையின் பக்கவாட்டு மெல்லத் தரையைத் தொட வேண்டும். பாரம் கைகளில், தலை வெறும் மூன்றாம் கால். மூன்று விநாடி நின்றால் போதும். சமத்தில் நில்லுங்கள்; அரை அடி பிந்தி நின்றால் எவ்வளவு நேரம் நின்றாலும் அது விழுந்ததாகத்தான் தெரியும்.

2024 ஆகஸ்டில் பரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் முதன்முறை இடம்பெற்றது. பெண்களில் ஜப்பானின் அமி, ஆண்களில் கனடாவின் பில் விசார்ட் தங்கம் வென்றார்கள். எந்தப் பாட்டு வரும் என்பது ஆடுபவருக்கு முன்கூட்டித் தெரியாது. இசைத்தட்டுக்காரர் போடுவதற்கு அந்தக் கணமே ஆட வேண்டும். அந்தக் காணொளிகளை ஒருமுறை கால்களை விட்டுவிட்டு, அவர்கள் பாட்டின் எந்த அடியில் நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் போட்டிகளில் இது இல்லை. எனக்கும் அவசரமில்லை.

வாரம் மூன்று நாள், நாளுக்கு நாற்பது நிமிடம். மார்ச் முடிவில் கணக்கு மூடும் நாட்களில் விடுப்பு. இடம் இப்போது தொடர்மாடியின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடம். மழை நாளில் மட்டும் வீடு. அதற்கு அன்ரியுடன் ஓர் ஒப்பந்தம்: மாலை ஆறு முதல் ஆறே முக்கால் வரை, அவருடைய தொலைக்காட்சித் தொடர் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை கிடையாது. போன வாரம் ஐந்து நிமிடம் கூடிவிட்டது. கீழிருந்து தும்புத்தடியால் கூரையில் மூன்று தட்டுக் கேட்டது. தகிட.