வடக்கே பனிச்சறுக்கு விடுமுறை: முதலில் மாதம், பிறகுதான் ரிசார்ட்

பின்லாந்தின் லாப்லாந்து, வட ஸ்வீடன், வட நார்வே என்று துருவ வட்டத்தை ஒட்டிய இடங்களுக்குப் பனிச்சறுக்கு போக நினைப்பவர்கள் பெரும்பாலும் ரிசார்ட்டைத்தான் முதலில் தேடுகிறார்கள். எத்தனை சரிவுகள், எத்தனை லிஃப்ட், ஓட்டல் எப்படி என்றெல்லாம் அலசிவிட்டு, கடைசியில் லீவு கிடைக்கிற தேதியைப் போட்டு புக் செய்துவிடுகிறார்கள். ஆல்ப்ஸுக்கு இது பரவாயில்லை. வடக்கே இந்த வரிசையையே திருப்பிப் போட வேண்டும். அங்கே டிசம்பரில் பார்க்கிற ஊரும் மார்ச்சில் பார்க்கிற ஊரும் ஒன்றல்ல.

காரணம் வெளிச்சம். பின்லாந்தின் லெவியில் டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து புத்தாண்டு வரை சூரியன் உதிப்பதே இல்லை. நடுப்பகலில் சில மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்புமாக ஓர் அந்தி வெளிச்சம் வரும், அவ்வளவுதான். அது மிக அழகான வெளிச்சம், மறுக்கவில்லை. சரிவுகளில் விளக்குகளும் போட்டிருப்பார்கள். ஆனால் முதன்முதலில் ஸ்கீ மாட்டுகிற ஒருவருக்குப் பனியின் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும்; கால் தட்டிய பிறகுதான் மேடு இருந்ததே புரியும். ஸ்வீடனின் ரிக்ஸ்கிரென்சன், துருவ வட்டத்துக்கு வடக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் இருக்கிறது. இருட்டும் குளிரும் காரணமாக அங்கே சீசனே பிப்ரவரியில்தான் தொடங்கும், மே வரை ஓடும். உள்ளூர்க்காரர்களே இப்படி வைத்திருக்கும்போது நாம் ஏன் கிறிஸ்துமஸுக்கே போய் நிற்க வேண்டும்? அந்த வாரங்களில் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்க வரும் குடும்பங்களால் லாப்லாந்தில் வாடகையும் உச்சத்தில் இருக்கும்.

நவம்பரில் போகலாம் என்று எண்ணவைப்பது தொலைக்காட்சி. லெவியில் நவம்பர் மாதம் உலகக் கோப்பை ஸ்லாலம் (நட்ட கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும்) போட்டி நடக்கும். ஜெயித்தவருக்கு ஒரு துருவ மானே (ரெயின்டீர்) பரிசு. அதைப் பார்த்தால் மலை முழுக்கப் பனி என்று தோன்றும். உண்மையில் அந்த நேரத்தில் திறந்திருப்பவை சில சரிவுகள்தான். முந்தைய குளிர்காலத்துப் பனியைக் கோடை முழுவதும் மூடிச் சேமித்துவைத்து விரித்திருப்பார்கள், இயந்திரத்தால் செய்த பனியும் சேரும். ‘திறந்தாயிற்று’ என்ற அறிவிப்பை நம்பிக் கிளம்பாமல், அந்த வாரத்தில் எத்தனை சரிவுகள் என்று பார்ப்பது நல்லது.

என்னைக் கேட்டால் மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரைதான். மார்ச் கடைசியில் பகல் 13 மணி நேரம் இருக்கும், பனி நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கும், வெயிலில் முகத்தை நீட்டிக்கொண்டு உட்காரலாம். பின்லாந்தின் பள்ளிகளுக்குப் பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் பகுதி பகுதியாகக் குளிர்கால விடுமுறை விடுகிறார்கள்; அந்த வாரங்களிலும் ஈஸ்டரிலும் கூட்டம் நெரியும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற வாரத்தைப் பிடித்துவிடுங்கள். இரவும் இன்னும் இருட்டாகவே இருப்பதால் வானம் தெளிந்தால் துருவ ஒளியும் (அரோரா) தெரியும். ஆனால் ஒளிக்காக மட்டும் ரிசார்ட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சரிவு விளக்குகள் எரிகிற இடத்தில் அதற்காக ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போகத்தான் வேண்டும்.

சரி, மாதம் முடிவாயிற்று. அடுத்து மலையின் அளவு. பின்லாந்தின் மலைகள் உயரம் குறைந்தவை. லெவியில் ஒரே மூச்சில் இறங்கக்கூடிய உயரம் சுமார் 325 மீட்டர். 718 மீட்டர் உயரமுள்ள யுல்லாஸில் 463 மீட்டர். ஆல்ப்ஸில் பழகிய கைதேர்ந்தவர் இரண்டே நாளில் அலுத்துப்போகலாம். அவருக்கு ஸ்வீடனின் ஓரே (Åre), ரிக்ஸ்கிரென்சன், அல்லது சரிவிலிருந்தே கடல் தெரிகிற நார்விக் பொருந்தும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கும் குழந்தைகளோடு போகிறவருக்கும் அந்தச் சின்ன மலைகளே வரம். ரிக்ஸ்கிரென்சனின் பெயர் பெற்ற இறக்கங்கள் பெரும்பாலும் செப்பனிடாத பனியில் இருப்பவை, புதியவர் அங்கே போய்த் திணற வேண்டாம்.

லிஃப்ட் எண்ணிக்கையைவிட லிஃப்ட் வகை முக்கியம் என்பதை யாரும் சொல்வதில்லை. மைனஸ் 20 டிகிரியில் நொடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 போல உறைக்கும். அந்த நிலையில் திறந்த நாற்காலி லிஃப்டில் அசையாமல் உட்கார்ந்து மேலே போவதுதான் நாளின் கொடுமையான பகுதி. இறங்கும்போது உடம்பு சூடாகிவிடும், ஏறும்போதுதான் விரல் மரத்துப்போகும். இழுவை லிஃப்ட் வேறு ஒரு சோதனை. தொடைக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கம்பி வந்து அணையும்; அது நம்மைத் தள்ளிக்கொண்டு போகத்தான், உட்காருவதற்கு அல்ல. புதியவர் பழக்கத்தில் அதன்மேல் உட்காருவார், கம்பி கீழே இறங்கும், ஆள் பனியில் கிடப்பார். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கோண்டோலா, அதாவது கம்பியில் தொங்கிப் போகும் மூடிய பெட்டி லிஃப்ட், உள்ள இடமாகப் பாருங்கள். லெவியிலும் யுல்லாஸிலும் அது உண்டு. மலையுச்சியில் மரமே இல்லாததால் காற்று பலமானால் மேல் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட நாளில் காட்டுக்குள் போகும் கிராஸ் கன்ட்ரி (லிஃப்ட் இல்லாமல் ஸ்கீ மாட்டி நடப்பதுபோல் சறுக்கிப் போகும்) பாதைகள் கைகொடுக்கும். யுல்லாஸைச் சுற்றி அவை 300 கிலோமீட்டருக்கு மேல் உண்டு.

தங்குமிடத்தில் ஏமாறுவது சுலபம். யுல்லாஸ் என்று விளம்பரத்தில் இருக்கும், ஆனால் அதற்கு மலையின் இரு பக்கமும் ஆகாஸ்லொம்போலோ, யுல்லாஸ்யார்வி என்று இரண்டு கிராமங்கள். வீடு கிராமத்தில் இருந்தால் லிஃப்டுக்கு ஸ்கீ பஸ் பிடிக்க வேண்டும். கனமான பூட்ஸோடும் குழந்தையோடும் பனியில் அரைக் கிலோமீட்டர் நடப்பது லேசான காரியமில்லை. புக் செய்யும்முன் வரைபடத்தில் லிஃப்டின் அடிவாரத்துக்குத் தூரம் பாருங்கள், பஸ் நேரத்தையும் பாருங்கள். கார் ஓட்டத் தயங்குபவருக்கு லெவி சுலபம், கிட்டிலா விமான நிலையம் 15 கிலோமீட்டரில். ரயில் பிடிக்கும் என்றால் ஹெல்சிங்கியிலிருந்து கோலாரிக்கு இரவு ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ்ஸில் யுல்லாஸ் போய்விடலாம்.

அப்புறம் பயணக் காப்பீடு. சாதாரணப் பாலிசிகள் பலவற்றில் பனிச்சறுக்கு சேராது, சேர்ந்தாலும் குறித்த சரிவை விட்டு வெளியே போனால் செல்லாது. ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் என்பதால் அவற்றை வாங்கப் பணம் போட வேண்டாம். அந்தப் பணத்தில் பனிச்சறுக்கையும் மீட்புச் செலவையும் தெளிவாகக் குறிப்பிடும் பாலிசியாக எடுத்துக்கொள்ளுங்கள்.