தரைச்சூட்டு அமைப்பில் மிக்ஸிங் வால்வு: பார்ப்பது எப்படி, வைப்பது எப்படி

கனடாவில் பாய்லரும் தரைச்சூடும் (தரைக்கு அடியில் ஓடும் குழாய்களில் வெந்நீர் விட்டு வீட்டைச் சூடாக்குவது) சேர்ந்திருக்கும் வீடுகளின் பேஸ்மென்டில், பாய்லருக்கும் தரைக்குழாய்களுக்கும் நடுவே மூன்று வாய்கள் உள்ள ஒரு பித்தளை வால்வைப் பார்க்கலாம். அதுதான் மிக்ஸிங் வால்வு. பழைய பாய்லர் தண்ணீரை 70, 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும். அறையைச் சூடாக்கச் சுவரோரம் வைக்கும் ரேடியேட்டருக்கு அது சரி. தரைக்கு 30 முதல் 45 வரை போதும். தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டாமல் பார்ப்பது வழக்கம். மரத்தரை என்றால் இன்னும் குறைவு.

அதனால் வெந்நீரை விளாவ வேண்டியிருக்கிறது. ஆனால் எதைக் கொண்டு? குழாய்த் தண்ணீரை அல்ல. தரையைச் சுற்றி, சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பி வரும் அதே தண்ணீரைத்தான் வால்வு மறுபடி சேர்க்கிறது. இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு கணக்கு போடுவோம். பாய்லரிலிருந்து 70, தரையிலிருந்து திரும்புவது 30, தரைக்கு வேண்டியது 40. அப்படியானால் ஒரு பங்கு பாய்லர் நீருக்கு மூன்று பங்கு திரும்பும் நீர். உள்ளே வந்த அந்த ஒரு பங்குக்கு ஈடாக, திரும்பும் நீரில் ஒரு பங்கு பாய்லருக்குப் போய்விடும்.

1. வாய்களைக் கண்டுபிடியுங்கள். வால்வின் உடம்பிலேயே எச் (பாய்லரின் வெந்நீர்), சி (தரையிலிருந்து திரும்பும் நீர்), மிக்ஸ் (கலந்து தரைக்குப் போகும் நீர்) என்றோ, எச்சுக்குக் கூட்டல், சிக்குக் கழித்தல் குறியாகவோ பொறித்திருக்கும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும்.

2. பம்ப் எங்கே? மிக்ஸ் வாய்க்கும், தரைக்குழாய்களுக்கு நீரைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். பாய்லர் பக்கம் மட்டும் பம்ப் இருந்தால் திரும்பும் நீரை இழுக்க ஆளில்லை. கலப்பு ஒழுங்காக நடக்காது.

3. சூட்டை வையுங்கள். வால்வின் தலையில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் திருகு தெரியும். 1, 2, 3 என்று எண்கள் இருந்தால் அவை டிகிரி அல்ல, வெறும் நிலைகள். மிக்ஸ் குழாயில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி, கொஞ்சம்தான் திருப்புங்கள். உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து சுருங்கி நிலைக்கு வரச் சில நிமிடம் ஆகும். கான்கிரீட் தரை சூடேறவோ பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி திருப்பினால், மறுநாள் வீடு வெந்துபோகும்.

4. கோளாறு பாருங்கள். மிக்ஸ் குழாயும் பாய்லர் குழாயும் ஒரே சூட்டில் இருந்தால், சி வாயின் சல்லடையில் அழுக்கு அடைத்திருக்கலாம், அல்லது வால்வு சிக்கியிருக்கலாம். சூடு சரியாக இருந்தும் தரை குளிர்ந்தே கிடந்தால், வாஷ்பேசினுக்கு அடியில் போடும் சின்ன வால்வை யாரோ மாட்டிவைத்திருக்கலாம். அதில் போதிய நீரோட்டம் போகாது.

இந்த வால்வு தரையைக் காக்கும், பாய்லரைக் காக்காது. கண்டென்சிங் (புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் சூட்டையும் எடுத்துக்கொள்ளும் வகை) அல்லாத கேஸ் பாய்லருக்கு 55 டிகிரிக்குக் கீழான நீர் தொடர்ந்து திரும்பினால், புகையிலுள்ள ஈரம் அமிலமாகப் படிந்து உள்ளே அரிக்கும். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதை டெக்னீஷியனிடம் விடுங்கள். கண்டென்சிங் பாய்லருக்கு நேர்மாறாக, குளிர்ந்த நீர் திரும்பினால்தான் லாபம். அந்த வகை பாய்லர் உள்ள வீட்டில் தரைச்சூடு மட்டும் இருந்தால் பாய்லரையே 40-இல் வைத்துவிடலாம், அங்கே மிக்ஸிங் வால்வு பெரும்பாலும் தேவைப்படாது.