சமுதாய சுகாதாரத் திட்டத்துக்கு மானியம் கேட்கிறீர்களா? முதலில் பிறப்புகளை எண்ணுங்கள்

வீடு வீடாகப் போய்ப் பிரசவித்த தாயையும் சேயையும் பார்த்து வரும் ஒரு சின்னத் திட்டம். அதற்காக நான் எழுதிய முதல் மானிய விண்ணப்பம் திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "200 தாய்மார்களுக்குப் பயிற்சி என்கிறீர்கள். எத்தனை பேரில் 200?" என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோதுதான் விண்ணப்பத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே எனக்குப் பிடிபட்டது.

அமைப்பின் பதிவு, வங்கிக் கணக்கு, தணிக்கை அறிக்கைகள், வெளிநாட்டுப் பணம் பெறுவதற்கான அனுமதி எல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முதல் படி: யாரிடம் கேட்பது

பெரிய பெயர்களைப் பார்த்து அங்கேயே எழுதத் தொடங்கிவிடாதீர்கள். எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்காக 2002-ல் தொடங்கப்பட்ட குளோபல் ஃபண்டுக்குச் சிறிய அமைப்புகள் நேரடியாக விண்ணப்பிப்பதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் உள்ள ஒருங்கிணைப்புக் குழு வழியாகத்தான் கோரிக்கை போகும். நமக்கு அங்கே வழி, பணத்தை நேரடியாகப் பெறும் அமைப்பின் (முதன்மைப் பெறுநர்) கீழ், அதில் ஒரு பங்கைப் பெற்று வேலை செய்யும் துணைப் பெறுநராகச் சேர்வது. கேட்ஸ் ஃபவுண்டேஷன் தானாக வரும் முன்மொழிவுகளைப் பொதுவாக ஏற்பதில்லை. அவர்கள் அழைப்பு விடும்போது மட்டும் பாருங்கள். அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் 2025-ல் மூடப்பட்டுவிட்டது. அதை மையமாக வைத்து எழுதிய பழைய வழிகாட்டிகள் இணையத்தில் இன்னும் நிறையக் கிடக்கின்றன, அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

முதல் முறை கேட்பவர்களுக்கு நான் சொல்வது: சிறிய அறக்கட்டளைகள், தூதரகங்களின் சிறு மானியங்கள், இல்லையென்றால் பெரிய அமைப்பு ஒன்றின் கீழ் துணை மானியம். நீங்கள் கேட்கப் போகும் நிறுவனம் போன ஆண்டு யாருக்கு, எவ்வளவு, எதற்குக் கொடுத்தது என்று பாருங்கள். அழைப்பு அறிக்கையில் எழுதியிருப்பதைவிட அந்தப் பட்டியல் நிறையச் சொல்லும்.

இரண்டாம் படி: எண்ணுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உங்கள் திட்டப் பகுதியில் 12,000 பேர் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 20 என்றால், ஆண்டுக்கு 240 குழந்தைகள். பிரசவத்துக்குப் பின் முதல் 24 மணி நேரப் பராமரிப்பு போக இன்னும் மூன்று முறையாவது தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது: 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாளுக்குள், ஆறாவது வாரத்தில். அப்படியானால் 240 பெருக்கல் 3, மொத்தம் 720 வீட்டு வருகைகள்.

முதல் ஆண்டிலேயே எல்லோரையும் பார்த்துவிட முடியாது. சிலர் பிரசவத்துக்கு வேறு ஊர் போய்விடுவார்கள், சில பிறப்புகள் தகவலே வராமல் போகும். 80 விழுக்காடு என்று வையுங்கள். 192 குழந்தைகள், 576 வருகைகள். நான்கு பணியாளர்கள் என்றால் ஆளுக்கு மாதம் 12 வருகை. ஒருவரால் செய்யக்கூடியதுதான்.

"எத்தனை பேரில்?" என்ற கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது: 240-ல் 192. இந்த 240-ஐ எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மக்கள்தொகைக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிறப்புப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, உங்கள் பணியாளரின் நோட்டுப் புத்தகம், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தை மறைக்காமல் ஒரு பத்தியில் சொல்லிவிடுவது நல்லது. களம் தெரிந்தவர் எழுதிய விண்ணப்பம் என்பது அங்கேதான் தெரியும்.

அப்புறம் லாக்ஃப்ரேம்

திட்டத்தில் என்ன செய்வோம், அதனால் என்ன மாறும், அதை எப்படி அளப்போம் என்பதைப் பெட்டி பெட்டியாகக் காட்டும் அட்டவணைதான் லாக்ஃப்ரேம். 1969-ல் உருவான இதை மானியம் தருபவர்கள் பலர் இன்றும் கேட்கிறார்கள். பெட்டிகளைப் பார்த்து மிரள வேண்டாம். செயல்பாடு, வெளியீடு, விளைவு என்ற மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பணியாளருக்குப் பயிற்சி கொடுப்பது செயல்பாடு. நான்கு பேர் பயிற்சி முடித்தது வெளியீடு. 72 மணி நேரத்துக்குள் பார்க்கப்பட்ட குழந்தைகளின் விகிதம் 30-லிருந்து 80 விழுக்காடாக உயர்ந்தது விளைவு. (30 என்பது சும்மா ஓர் உதாரணம். உங்கள் பகுதியின் தொடக்க நிலையைக் கணக்கெடுத்துப் போடுங்கள்.) என் முதல் விண்ணப்பத்தில் 'விளைவு' பெட்டியிலும் பயிற்சியையே எழுதியிருந்தேன்.

முதல் வருகைக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பிறந்த 28 நாளுக்குள் நேரும் இறப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு முதல் வாரத்திலேயே நேர்கிறது. எல்லாவற்றையும் அளக்க முயன்று பணியாளரைப் படிவங்களில் மூழ்கடிக்காதீர்கள். முன்னேற்றத்தை அளக்கும் நான்கு குறியீடுகள் போதும்.

தரவு திரட்ட, கைபேசியில் படிவம் நிரப்ப உதவும் கோபோ டூல்பாக்ஸ்தான் என் தேர்வு. இணைப்பு இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பலாம், சிக்னல் கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளும். கூகுள் ஃபார்ம் களவேலைக்குச் சரிவராது.

பட்ஜெட்

வேர்டில் அட்டவணை போடாதீர்கள். எக்செலில், பெருக்கல் தெரியும்படி போடுங்கள். ஒவ்வொரு வரியும் மேலே எண்ணிய எண்களிலிருந்து வர வேண்டும். பயணம்: 576 வருகை. மேற்பார்வையாளர் ஒவ்வொரு பணியாளருடனும் மாதம் ஒருமுறை கூடப் போவது: 48 பயணம். எடை பார்க்கும் தராசு: நான்கு, கூடவே உபரியாக ஒன்று. தராசு பழுதானால் அடுத்தது வரும்வரை அந்தப் பணியாளர் குழந்தையை எடை பார்க்காமலே திரும்ப வேண்டியிருக்கும். அதனால் அந்த ஐந்தாவது தராசை யாரும் வெட்டச் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கவனம்: இலக்கை 80 விழுக்காடாகக் குறைத்துவிட்டு பட்ஜெட்டில் 720 பயணங்களை அப்படியே விட்டுவிட்டால், மதிப்பீட்டாளர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

பணியாளருக்குச் சம்பளம் போடுங்கள். 'தன்னார்வலர்' என்று எழுதிச் செலவைக் குறைத்துக் காட்டும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. மழையில் நடந்து போய் மூன்று நாள் குழந்தையின் மூச்சை எண்ணிப் பார்க்கும் பெண்ணின் வேலை அது. வேலைக்கேற்ற ஊதியம் தர வேண்டும், செயல்திறன் ஊக்கத்தொகையையே முழுக்க நம்பி விடக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலும் சொல்கிறது. விண்ணப்பத்தில் அதை மேற்கோள் காட்டுங்கள்.

அலுவலக வாடகை, கணக்காளர் போன்ற மறைமுகச் செலவுகளுக்கு மானியம் தரும் ஒவ்வொருவரும் ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டு மானியங்களில் வழக்கமாக 7 விழுக்காடு வரை. அதற்குள் அடங்காததை நேரடிச் செலவாகக் காட்ட முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பதிவேற்றும் நாள்

இணையப் படிவங்கள் பெரும்பாலும் எழுத்துகளை இடைவெளியோடு சேர்த்து எண்ணும். தனிக் கோப்பில் எழுதி, எண்ணிப் பார்த்து ஒட்டுங்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: அமெரிக்க அரசு மானியப் படிவத்தில் டன்ஸ் எண் (அமைப்பை அடையாளம் காட்டும் எண்) கேட்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பழைய படிவம். 2022 ஏப்ரலிலிருந்து அதற்குப் பதில் 12 எழுத்து யுஇஐ எண். மறைமுகச் செலவுக்கு 10 விழுக்காடு என்று போட்ட மாதிரிகளும் பழையவைதான். மறைமுகச் செலவு விகிதத்தை அமெரிக்க அரசுடன் பேசி முடிவு செய்துகொள்ளாத அமைப்புகளுக்கு 2024 அக்டோபரிலிருந்து 15 வரை அனுமதி.

பின்சேர்க்கை 2: மானியம் கிடைத்த பிறகு பிறப்புகள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டார்கள். மூன்றாவது மாதமே மானியம் தந்த நிறுவனத்தின் திட்ட அதிகாரிக்கு எழுத்தில் சொல்லுங்கள், 192 என்ற இலக்கைத் திருத்தக் கேளுங்கள், 80 விழுக்காடு என்ற விகிதத்தைத் தொடாதீர்கள். பணம் மிஞ்சும் என்று தெரிந்தால் கூடுதல் தொகை இல்லாத கால நீட்டிப்பு கேட்கலாம். மானியக் காலம் முடிவதற்கு முன்பே அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.