கரையில் உட்கார்ந்தே புல்ஹெட் பிடிப்பது எப்படி? (வசந்த காலத் தூண்டில்)

ஏரியில் பனிக்கட்டி உருகி, ஏப்ரல் வெயில் உறைக்கத் தொடங்கியதும் நியூயார்க் மாநிலத்தின் வடக்குப் பக்கம் கரையோரமெல்லாம் தூண்டில்கள் முளைத்துவிடும். அங்கே பெரும்பாலானோர் தேடுவது புல்ஹெட்டைத்தான். நம் ஊர்க் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம் இது. மீசை உண்டு, செதில் கிடையாது, உடம்பெல்லாம் வழவழப்பு. தூண்டில் பழக இதைவிட நல்ல மீன் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். படகு தேவையில்லை, விலை உயர்ந்த கம்பும் தேவையில்லை.

16 வயது ஆனவர்களுக்கு இந்த மாநிலத்தில் மீன்பிடி உரிமம் கட்டாயம், இணையத்திலேயே வாங்கிவிடலாம். எத்தனை மீன் எடுத்துப் போகலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் ஏரிக்கு ஏரி மாறும். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

இடம்

ஆழத்தைத் தேடிப் போகாதீர்கள். வசந்தத்தில் மீன் இருப்பது முழங்கால் முதல் கழுத்தளவு தண்ணீர் உள்ள, அடியில் கறுப்புச் சேறு படிந்த ஒதுக்குப்புறங்களில். கறுப்புச் சேறு வெயிலை உறிஞ்சிச் சீக்கிரம் சூடாகும். ஏரியின் வடகரையில் வெயில் நேராக விழுவதால் அங்கே இன்னும் சீக்கிரம். மழைக்குப் பிறகு ஓடைத் தண்ணீர் கலங்கலாக வந்து சேரும் முகத்துவாரம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போது புல்ஹெட் நடமாட ஆரம்பிக்கும். 55 முதல் 65 வரை நன்றாகக் கடிக்கும். நூலில் கட்டிய சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மினுமினுக்கும் செயற்கை இரைகளுக்குச் செலவழிப்பதைவிட அது பயன்படும். சாயங்காலம் போய், இருட்டிய பிறகும் கொஞ்ச நேரம் இருங்கள்.

தூண்டில் கட்டுவது

ஆறரை, ஏழு அடிக் கம்பு, ஸ்பின்னிங் ரீல் (நரம்பைச் சுற்றும் சக்கரம்), 10 அல்லது 12 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பு. பின்னல் நூல் வேண்டாம். முடிச்சுப் போடப் பழகும்வரை நைலானே நல்லது.

நடுவில் துளையுள்ள எடைக்குண்டை நரம்பில் கோத்து, அதன் கீழே ஒரு பாசிமணி, பிறகு சுழல்வளையம். அதிலிருந்து ஓரடி நரம்பு, நுனியில் கொக்கி. மீன் இரையை இழுக்கும்போது நரம்பு குண்டின் துளை வழியாக நழுவும், அதனால் எடை அதற்குத் தெரியாது. நியூயார்க்கில் அரை அவுன்ஸும் அதற்குக் குறைவுமான ஈயக்குண்டுகளை விற்க 2004 முதல் தடை இருக்கிறது. லூன் போன்ற நீர்ப்பறவைகள் அவற்றை விழுங்கிச் சாகின்றன. எஃகு அல்லது வெள்ளீயக் குண்டு வாங்குங்கள்.

புல்ஹெட்டுக்கு 2 அல்லது 4ஆம் எண், நீளக் காம்புள்ள கொக்கி. ஆழமாக விழுங்கினாலும் காம்பைப் பிடித்துக் கழற்றலாம். வால் ஆழமாகப் பிளந்திருக்கும் சேனல் கேட்ஃபிஷ் (இன்னொரு வகைக் கெளுத்தி) உள்ள தண்ணீர் என்றால் 2/0 அளவு வட்டக் கொக்கி. (புல்ஹெட்டின் வால் ஏறக்குறைய நேராக வெட்டியது போல இருக்கும்.) இரைக்குப் பெரிய மண்புழு போதும். இந்த மீனுக்கு மீசையில் மட்டுமல்ல, உடம்புத் தோல் முழுக்கச் சுவை அரும்புகள் உண்டு. இரை அடியில் அசையாமல் கிடந்தாலே தேடி வந்துவிடும்.

முதலில் நரம்பு டக் டக்கென்று துடிக்கும். பொறுங்கள். அது ஒரு பக்கமாக நகரத் தொடங்கியதும் கம்பைத் தூக்குங்கள். வட்டக் கொக்கி போட்டிருந்தால் வெடுக்கென்று இழுக்கவே கூடாது. ரீலைச் சீராகச் சுற்றினால் கொக்கி தானாக வாயோரத்தில் மாட்டும்.

மீனைக் கையில் பிடிப்பது

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள். மீசை குத்தாது. குத்துவது மூன்று முட்கள்: முதுகுத் துடுப்பில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. பயந்த மீன் அவற்றை விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும், அமுக்கினாலும் மடங்காது. முள்ளின் மேல்தோலில் விஷமும் உண்டு, குத்தினால் கடுக்கும், வீங்கும். குட்டி மீனின் முள் இன்னும் கூர்மை.

கையை நனைத்துக்கொண்டு, உள்ளங்கையை மீனின் வயிற்றுக்கு அடியில் கொண்டுபோங்கள். கட்டைவிரல் ஒரு பக்க முள்ளுக்குப் பின்னால், ஆள்காட்டி விரல் மறுபக்க முள்ளுக்குப் பின்னால் அணைந்து நிற்க வேண்டும். முதுகு முள் மேலே பார்த்தபடி இருக்கும், கையைத் தொடாது. இப்போது மீன் முன்னால் துள்ளினால் பிடி இளகும், பின்னால் தள்ளினால் விரல்கள் முள்ளின் அடியில் தடுக்கும். முனை மட்டும் உங்கள் பக்கம் வராது. மூக்குக் குறடால் கொக்கியைக் கழற்றுங்கள். கொக்கி தொண்டையில் இருந்து, மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள்.

முள் குத்திவிட்டால் கழுவிவிட்டு, பொறுக்கிற சூட்டு வெந்நீரில் கையை வையுங்கள். ஆழமாக இறங்கியிருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

சமைக்க எடுத்துப் போனால் ஐஸில் வையுங்கள், தோலை உரித்துவிடுங்கள். மாநிலச் சுகாதாரத் துறை எந்த ஏரி மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று பட்டியல் தருகிறது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் கட்டாயம் பாருங்கள். மிச்சமான புழுவைக் கரையில் கொட்டாதீர்கள், குப்பையில் போடுங்கள். அவை இந்தக் காடுகளுக்கு அந்நியம், இலைச்சருகு அடுக்கையே தின்று தீர்த்துவிடும்.

பின்சேர்க்கை: கோழி ஈரல் போட்டால் வீசும்போதே கழன்று பறக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஈரலைச் சிறு துண்டாக்கி, பழைய நைலான் காலுறைத் துணியில் பொட்டலமாகக் கட்டிக் கொக்கியில் குத்துங்கள்; வாசனை கசியும், ஈரல் நிற்கும். இன்னொருவருக்கு இரை சேற்றில் புதைந்துபோகிறதாம். கொக்கிக்கு மூன்று விரற்கடை மேலே பட்டாணி அளவு தக்கை ஒன்று கோத்தால் புழு சேற்றுக்குச் சற்று மேலே மிதந்து நிற்கும்.